ஜாடி நிறையும்வரை

முதல் வகுப்பில் என்னத்தைப் பெரிதாகச் சொல்லிக்கொடுத்துவிடப் போகிறார்கள் என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். எழுத்து எழுதவும், விரல் விட்டு எண்ணவும், மூக்கைச் சட்டைக்கையில் துடைக்காமலிருக்கவும் தெரிந்தால் போதாதா? சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அதோடு விட மாட்டார்கள். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று வரிசை மாறாமல் சிலுவை போட வேண்டும். பெரிய சிஸ்டர் உள்ளே நுழைந்தால் பெஞ்சு கிறீச்சிடாமல் எழுந்து நிற்க வேண்டும். உட்காரும்போது பக்கத்தில் காவல் சம்மனசுக்கு, அதாவது கூடவே இருந்து காக்கும் தேவதூதருக்கு, கொஞ்சம் இடம் விட வேண்டும். லாண்டரிக்காரரின் மகள் சுண்டு, சம்மனசுக்குத் தாராளமாக இடம் விட்டுவிட்டுத் தான் நுனியில் உட்கார்ந்து, முதல் வாரமே தொப்பென்று விழுந்து ஒரு பல்லைப் பறிகொடுத்துவிட்டு வந்தாள். ஆடிக்கொண்டிருந்த பால்பல்தான். ஆனாலும் சம்மனசு பிடித்திருக்கலாம் என்று அவளுடைய அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்போது அவளால் சிரிக்க முடிந்தது.

பிறந்தபோது சுண்டெலி அளவுக்கு இருந்ததால் சுண்டு. ஒரே பிள்ளை. அப்பா ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய நீராவி லாண்டரியில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் மேசைத் துணிகளும் மூட்டை மூட்டையாக வண்டியில் வந்து இறங்கும். அவற்றைப் பிரித்து, ரத்தக்கறை தனி, எண்ணெய்க்கறை தனி என்று போட்டு, சலவைச் சோடாவில் ஊறவைத்து, சுழலும் இயந்திரத்தில் தள்ளி, பிழிந்து, சூடான இஸ்திரி உருளைக்குக் கொடுப்பதுவரை அவருடைய பாடு. வருடம் பூராவும் உள்ளங்கை வெந்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். மனைவியும் அங்கேதான் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகு நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள், கடைசியில் வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். கேட்டதைக் கொடுங்கள், வலிக்கு மாத்திரை கொடுங்கள் என்றார் டாக்டர். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

வீடு இரண்டே அறை. உள் அறையில் மனைவியின் கட்டில். வெளி அறையில் அடுப்பு, சாப்பாடு, மற்ற எல்லாம். மனைவியின் அக்கா தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து அடுப்படியை எடுத்துக்கொண்டாள். சுண்டுவுக்குப் பெரியம்மா. நல்ல மனுஷிதான், வாய்தான் கொஞ்சம் அதிகம்.

சுண்டுவுக்கு அம்மாவோடு படுத்தால்தான் தூக்கம் வரும். படுத்து, அம்மாவின் காதுமடலைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருப்பாள். தாய்ப்பால் குடிப்பதை விட்ட நாளிலிருந்து வந்த பழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் அம்மா முதலில் கேட்டது தண்ணீர் இல்லை.

"எங்கடி என் சுண்டெலி? காது சும்மா கெடக்குது, வந்து உருட்டு."

வயிற்றில் போட்டிருந்த கட்டின் மேல் இடிக்காமல் ஓரமாகப் படுத்துக்கொள்ளப் பிள்ளை தானாகவே பழகிக்கொண்டாள். சம்மனசுக்கு இடம் விட்டுப் பழகியது அதற்காவது உதவியது.

ஈஸ்டருக்கு முன்பு வரும் தவக்காலம் தொடங்கியதும் முதல் வகுப்பு சிஸ்டர் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை மேசை மேல் வைத்தார். அவரைப் பிள்ளைகள் சாக்பீஸ் சிஸ்டர் என்பார்கள், மேலெல்லாம் எப்போதும் வெள்ளையாக இருக்கும். மடத்திலிருந்து பாடம் எடுக்க வந்து அவருக்கும் அதுதான் முதல் வருடம். பிடித்த ஒன்றைக் கடவுளுக்காக விட்டுக்கொடுத்தால் அது ஒறுத்தல். ஒரு ஒறுத்தலுக்கு ஒரு காய்ந்த பட்டாணியை ஜாடிக்குள் போட வேண்டும். என்ன விட்டுக்கொடுத்தோம் என்று யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் அது கணக்கில் சேராது.

"ஜாடி நிறைஞ்சதும் எல்லாரும் சேர்ந்து கடவுள்கிட்ட ஒண்ணு கேப்போம். என்ன கேக்கலாம்?"

ஊஞ்சல் என்றான் ஒருவன். நாய்க்குட்டி என்றது ஒரு ரெட்டைச் சடை. பெரிய சிஸ்டருக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது, யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. சுண்டு எழுந்து நின்றாள்.

"எங்கம்மா நல்லாகணும் சிஸ்டர்."

பிள்ளைகளைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஊஞ்சல் கேட்டவனே முதலில் சரி என்றான். சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சரி, அதையே கேட்போம் என்று சொல்லிவிட்டார். நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பிறகு என்ன, பிள்ளைகள் தவம் கிடக்க ஆரம்பித்தன. மிட்டாய் விட்டார்கள், ஜன்னலோர இடத்தை விட்டார்கள். குளிப்பதை விட்டவன் ஒருவன், வீட்டுப்பாடத்தை விட்டவன் ஒருவன். சொல்லாமலே தெரிந்துவிட்டதால், அதெல்லாம் செல்லாது என்று சிஸ்டர் அவர்களுடைய பட்டாணியைத் திருப்பிக் கொடுத்தார். ஜாடி கிடுகிடுவென்று ஏறியது.

ஒருநாள் காலை வெயிலில் அணிவகுத்து நிற்கும்போது சுண்டு மயங்கி விழுந்தாள். லாண்டரிக்கு ஆள் வந்து சொன்னபோது அவர் இயந்திரத்திலிருந்து ஈரவிரிப்புகளை இழுத்துக்கொண்டிருந்தார். கையைக்கூடத் துடைக்காமல் ஓடினார். பெரிய சிஸ்டரின் அறையில் பிள்ளை பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாட்டை யாராருக்கோ கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டால் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துப் பெஞ்சுப் பெண்தான் போட்டு உடைத்தாள்.

பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுச் சாயங்காலம் மறுபடி வந்தார், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று. வகுப்பில் சிஸ்டர் மட்டும் இருந்தார். ஒரு கை ஜாடிக்குள் மணிக்கட்டுவரை இருந்தது. கையும் களவுமாக என்பார்களே, அப்படி.

"என்ன சிஸ்டர் பண்றீங்க?"

சிஸ்டர் கையை எடுக்கவில்லை. எடுத்தால் பட்டாணி சிதறும்.

"குறைக்கிறேன்."

"எதுக்கு?"

"நிறையாம இருக்கத்தான். தினமும் எல்லாரும் போனதுக்கப்புறம் எடுத்துடறேன். இல்லேன்னா எப்பவோ நிறைஞ்சிருக்கும்."

லாண்டரிக்காரர் பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.

"எல்லாரும் சேர்ந்து கேப்போம்னுதாங்க சொன்னேன். புள்ளைங்க அப்படி எடுத்துக்கல. நிறையற அன்னைக்கு சுண்டு அம்மா எழுந்து வந்துடுவாங்கன்னு எடுத்துக்கிச்சுங்க."

"எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே சிஸ்டர்?"

"சொல்லிப் பாத்தேன். கடவுள் சில சமயம் நாம கேட்டதைத் தராம வேற தருவாருன்னு சொன்னேன். ஒருத்தன் எழுந்து, அப்போ ஜாடி எதுக்கு சிஸ்டர்னு கேட்டான்." சிஸ்டர் கைக்குட்டையை விரித்துப் பட்டாணியைக் கொட்டினார். "டாக்டர் என்ன சொல்றாரு?"

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லேன்னு சொல்றாரு."

"எவ்வளவு நாள்?"

"தவக்காலம் தாண்டுறதே பெரிசு சிஸ்டர்."

நறுக்கென்று கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வெளியே யாரோ நடைபாதையைக் கழுவிவிடும் சத்தம் கேட்டது.

"நிறைஞ்சு, அப்புறமும் அவ போயிட்டான்னா?" என்றார் அவர்.

"அதைத்தான் நானும் நெனச்சேன்."

"புள்ள மனசு ஒடிஞ்சிடும் சிஸ்டர். நீங்க எடுங்க. நான் ஒண்ணும் சொல்லல. அவ இருக்கறவரைக்கும் எடுங்க. ஆனா சாப்பாட்டை மட்டும் விடக்கூடாதுன்னு சொல்லிடுங்க. நான் சொன்னா கேக்க மாட்டா, நீங்க சொன்னா வேதவாக்கு."

"நாளைக்கே சொல்றேன். சாப்பாடு கணக்கில்ல, வேற புடிச்சதை விடுன்னு சொல்றேன்."

"சொல்லுங்க. அவளுக்குப் புடிச்சது எத்தனையோ இருக்கு, வேற எதையாச்சும் விடட்டும்."

இதை அவரேதான் சொன்னார். சிஸ்டர் தலையாட்டினார்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எடுத்த பட்டாணியை எங்கே வைப்பது? மேசை டிராயரில் வைத்தால் பிள்ளைகள் பார்த்துவிடும். மடத்துச் சமையற்கட்டில் கொண்டுபோய்ப் போட்டால் ஏது என்று கேட்கிறார்கள். லாண்டரிக்காரர் தன் வேலைச் சட்டையின் பெரிய பையைப் பிரித்துக் காட்டினார். சிஸ்டர் கைக்குட்டையோடு கவிழ்த்தார். அன்றிலிருந்து வேலை முடிந்து வரும் வழியில் பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போவார். மறுநாள் லாண்டரியில் நீராவிக் குழாய் ஓரமாகத் தூக்குப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு வைத்தால் மதியத்துக்குள் மெத்தென்று வெந்துவிடும். கூட வேலை செய்கிறவர்கள் உப்புப் போட்டுத் தின்றார்கள், திடீரென்று உனக்கு என்ன தாராளம் என்று கிண்டல் செய்தார்கள். அவர் வாயில் வைக்கவில்லை.

சுண்டு ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள். டப்பா காலியாக வந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. ஆனால் அதே வாரத்தில் அவள் அம்மாவிடம் போவதை நிறுத்திவிட்டாள்.

முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. பெரியம்மாவின் பாயில் படுத்துத் தூங்கிப்போனாள், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் உள் அறை வாசலோடு நின்றாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கமே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அன்றைக்குப் படித்த பாட்டை அங்கிருந்தே அம்மாவுக்குப் பாடிக்காட்டினாள்.

"உள்ள வாடி தங்கம்."

"இங்கயே இருக்கேம்மா."

"காது சும்மா கெடக்குது பாரு."

சுண்டு தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். வேண்டாம்மா என்றாள்.

நாளுக்கு நாள் இதே கதைதான். மிரட்டிப் பார்த்தாள் பெரியம்மா, கொஞ்சிப் பார்த்தார் அப்பா. ஒருதடவை தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் விட்டதற்கு, சூடுபட்டவள் மாதிரி உதறிக்கொண்டு இறங்கி ஓடினாள். அன்று முழுக்க அழுதாள். எதற்கு என்று கேட்டால் உதட்டை மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் தூக்கவில்லை.

வயிற்றில் வெட்டிய இடம் ஆறவில்லை. கட்டு மாற்றும்போது அறை முழுக்க வாடை அடிக்கும். பிள்ளை அதற்குத்தான் பயப்படுகிறாள் என்று பெரியம்மா முடிவு கட்டினாள். அம்மாவும் அப்படியே நினைத்தாள்.

"ஏங்க, என் மேல ரொம்ப அடிக்குதா?" என்று ஒரு மதியம் அவரிடம் கேட்டாள்.

"சீச்சீ. யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கு மூக்கு செத்துப்போச்சு, தெரியல. புள்ளைக்குத் தெரியுதில்ல."

"அதெல்லாம் இல்ல. பள்ளிக்கூடத்துல வெளையாடி அலுத்துப்போய் வருது."

"நீங்க பொய் சொன்னா மேல்உதடு கோணும், தெரியுமா?" என்றாள். சிரிக்க முயன்றாள். "விடுங்க. பயந்துக்கிட்டா என்ன பண்றது. சின்னது."

துணியில் இருக்கும் எந்த வாடையையும் போக்க அவருக்குத் தெரியும். அது ஒன்றுதான் தெரியும். விடிந்தும் விடியாமலும் மனைவியின் விரிப்பையும் போர்வையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு லாண்டரிக்குப் போனார். ஆஸ்பத்திரித் துணிக்குப் போடும் மருந்தில் ஒருமுறை, வெந்நீர் சோடாவில் ஒருமுறை, பிறகு ஓட்டல் துணிக்கென்று பூட்டி வைத்திருக்கும் வாசனைத் திரவத்தில் ஒருமுறை என்று அலசினார். சூப்பர்வைசர் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரிப் போனார். மழை பிடித்துக்கொண்ட நாட்கள் அவை. வெளியே உலர்த்த முடியாது, உருளையில் கொடுத்துச் சுடச்சுட மடித்து, நனையாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு, மதிய இடைவேளையில் சைக்கிளில் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போவார். பெரியம்மா ஜன்னலைத் திறந்துவைத்தாள். அறை பெரிய ஓட்டல் மாதிரி மணந்தது.

"இப்ப வா கண்ணு. வந்து மோந்து பாரு, பூ மாதிரி இருக்கு" என்று கூப்பிட்டார்.

சுண்டு வாசலிலிருந்தே மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். நல்லா இருக்குப்பா என்றாள். வரவில்லை. கட்டிலில் படுத்திருந்தவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையோடு வேலைக்குத் திரும்பினார். வழியெல்லாம் பிள்ளையின் மேல் கோபம் வந்தது. பெற்ற பிள்ளையின் மேல் அப்படி ஒரு கோபம் வருமென்று அவர் நினைத்ததே இல்லை.

சாயங்காலம் பின்வாசலில் பட்டாணியை வாங்கிக்கொள்ளும்போது சிஸ்டரிடம் சொன்னார்.

"அம்மாகிட்டயே போக மாட்டேங்கிறா சிஸ்டர்."

"சின்னப் புள்ளைங்க நோயைப் பாத்தா விலகும்ங்க. வற்புறுத்தாதீங்க. வகுப்புல அவ்வளவு பக்தியா இருக்கா. காலைல வந்ததும் முதல்ல ஜாடியைத்தான் பாக்குறா."

அவர் பையைப் பிரித்துக் காட்டினார். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது.

ஒரு முற்பகலில், மழை விட்டு வெளிச்சம் வந்த நேரத்தில், அம்மா போய்ச் சேர்ந்தாள். அன்று பள்ளிக்கூடம் இல்லை. சுண்டு நிலைப்படியில்தான் உட்கார்ந்திருந்தாள். கடைசியாக அம்மா என்னவோ முனகினாள். பெரியம்மா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "கூப்பிடுறா, வாடி" என்று கையை நீட்டினாள். பிள்ளை நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அதற்குள் முடிந்துவிட்டது.

பெட்டியில் வைத்த பிறகும் அவள் தொடவில்லை. முத்தம் கொடுக்கத் தூக்கினார்கள், காலை உதைத்து முறுக்கிக்கொண்டாள். செத்துக் கிடந்த ஒரு பெண்பிள்ளையை இயேசு கையைப் பிடித்து எழுப்பிய கதையை வகுப்பில் கேட்டிருக்கிறாள், அதனால் அவளைப் பொறுத்தவரை இன்னும் நேரம் இருந்தது. வந்தவர்களுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? கல்நெஞ்சுப் பிள்ளை என்று காதுபடவே பேசிக்கொண்டார்கள். சாக்பீஸ் சிஸ்டர் சுவரோரமாக நின்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். லாண்டரிக்காரர் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா கட்டிலின் விரிப்பை உருவினாள். உருவிய விரிப்பை மார்போடு வைத்துக்கொண்டு அழுதவள், சுண்டு வழக்கமான இடத்தில் வந்து உட்காருவதைப் பார்த்ததும் அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"கடைசி மூச்சுல கூப்பிட்டாளேடி. ஒரு தடவை போனா என்னடி கொறைஞ்சு போயிடும் உனக்கு?"

"அண்ணி, விடுங்க" என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க தம்பி. என் தங்கச்சி மனசு வெந்து போனா. தன் மேல நாறுதுன்னு நெனச்சுக்கிட்டே போனா."

சுண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா நாறலையே" என்றாள்.

"அப்புறம் ஏன்டி போகல?"

"சொன்னா கணக்குல சேராது."

"என்னது?"

பிள்ளை அப்பாவைப் பார்த்தாள். இப்போது சொல்லலாமா என்று அவளே யோசிக்கிற மாதிரி இருந்தது.

"சாப்பாட்டை விட்டா செல்லாதுன்னு சிஸ்டர் சொன்னாங்க. ரொம்பப் புடிச்சது வேற ஏதாச்சும் விடுன்னாங்க. எனக்கு அம்மாகிட்ட படுத்துக்கறதுதான் ரொம்பப் புடிக்கும். அதை விட்டேன். ஜாடி நிறைஞ்சதும் போய்ப் படுத்துக்கலாம்னு இருந்தேன்."

பெரியம்மா விரிப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா நிறையவே இல்லப்பா. சாயங்காலம் நிறையற மாதிரி இருக்கும். காலைல பாத்தா குறைஞ்சிருக்கும். நான் விட்டது போதலையோன்னு அம்மாவை நெனைக்காம இருக்கவும் பாத்தேன். அது வரலப்பா. திரும்பத் திரும்ப நெனச்சுட்டேன். அதான் கடவுள் குறைச்சுட்டாரா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வராது. இல்லை என்று சொன்னால், பிறகு யார் என்று கேட்பாள். அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். மனைவி சொன்ன மாதிரி மேல்உதடு கோணிக்கொண்டது, ஆனால் அவர் பொய் சொல்லவில்லை.

"கடவுள் இல்ல கண்ணு. அப்பாதான். அப்பாவும் சிஸ்டரும் சேர்ந்து தினமும் எடுத்தோம். அது எப்பவோ நிறைஞ்சிருக்கும்."

சுண்டு அழவில்லை. அவர் எதற்காக எடுத்தார் என்பதை எப்படித் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதிலிருந்து தொடங்குவதா, குட்டி பெஞ்சில் உட்கார்ந்து பேசியதிலிருந்து தொடங்குவதா? அவள் அதைக் கேட்கவே இல்லை.

"அடுத்தவங்களோடதை எடுத்தா கேட்டுட்டு எடுக்கணும்ப்பா" என்றாள். "சிஸ்டர்தான் சொல்லிக்குடுத்தாங்க."

தூக்கிக்கொள்ள அவர் கையை நீட்டினார். அவள் எழுந்துபோய்ப் பெரியம்மாவின் மடியில் கிடந்த விரிப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அதில் ஓட்டல் வாசனைதான் அடித்தது, அம்மாவின் வாசனை ஒரு துளிகூட மிஞ்சாதபடி அவரே அலசியிருந்தார்.